எட்டும் ஒன்பதும்

"கணக்கா? அது எனக்குக் காததூரம்!" என்று சொல்லும் சகோதரிகளைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைக்காரர் தராசைக் கீழே வைப்பதற்குள், "எண்பது ரூபாய்க் கத்தரிக்காய் முக்கால் கிலோ அறுபது, அறுபது ரூபாய் வெண்டைக்காய் அரைக் கிலோ முப்பது, மொத்தம் தொண்ணூறு. நூறு கொடுத்தேன், பத்து எங்கே?" என்று கேட்பவர்கள் இவர்களேதான். கணக்கு வராதவர்கள் செய்கிற காரியமா இது?

ஆனால், இந்த வாரம் நான் பேச வந்தது பிறருடைய கணக்கைப் பற்றி அல்ல. என் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு பற்றுக் கணக்கைப் பற்றி.

இரண்டு வாரங்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தியாகராய நகரிலிருந்து பஸ் பிடித்து, லஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன இடத்திலும் வேலை விடவில்லை. மறுநாள் காலையில் அச்சுக்குப் போகவேண்டிய இந்தப் பக்கம் பாதியில் நின்றது. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா மகள், பதினொரு வயது, ஆறாம் வகுப்பு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"சித்தி, எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன உறவு, சொல்லேன்?"

நான் தலை நிமிரவில்லை. "ஒன்பது ஒன்று அதிகம். போய்ப் படி" என்றேன்.

"அது இல்லை சித்தி. வேறே ஒண்ணு. ஐந்துக்கும் ஆறுக்கும்கூட அப்படித்தான்..."

"எல்லாம் அப்புறம் பார்க்கலாம். எனக்கு வேலை இருக்கிறது."

சிறிது நேரம் நின்றாள், போய்விட்டாள். அன்று இரவு புறப்படும்போது மேஜைமேல் அந்த நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால், "5, 6", "8, 9", "15, 16" என்று மூன்று ஜோடிகள். அதற்குக் கீழே 17-லிருந்து 40 வரை வரிசையாக ஏதேதோ கூட்டல்கள். கடைசியில், "அப்புறம் இல்லை. தப்பா?" என்று ஒரு வரி.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் குழந்தை என்னிடம் வந்திருக்கிறாள். நானோ, "போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்!

பஸ்ஸில் வரும்போது அந்த மூன்று ஜோடிகளும் மனத்தைக் குடைந்தன. அவள் என்ன செய்திருந்தாள் என்று உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால், ஒரு தட்டு லட்டு வேண்டும்.

வீட்டில் ரவா லட்டு பிடித்திருக்கிறீர்கள். இருபத்து நான்கு தேறிற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தட்டில் சமமாக வைக்கலாம். மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு தட்டிலும் வைக்கலாம். எத்தனை விருந்தாளிகள் வந்தாலும் ஏறக்குறைய சண்டையில்லாமல் பங்கு போட்டுவிடலாம். பாகு முறிந்து ஒரு லட்டு உதிர்ந்துபோய் இருபத்து மூன்றாகிவிட்டதோ, தொலைந்தது! 23-ஐ எத்தனை பேருக்கும் சமமாகப் பங்கு போட முடியாது. ஒருவரே எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும். அல்லது இருபத்து மூன்று பேர் வர வேண்டும்.

இப்படிப் பங்குக்கு வராத பிடிவாதக்கார எண்களுக்குத்தான் பகா எண்கள் என்று பெயர். 2, 3, 5, 7, 11, 13 என்று அந்த வரிசை போகிறது. மற்ற எண்கள் எல்லாம் இவற்றைப் பெருக்கிக் கிடைப்பவை. 24 என்பது 2 × 2 × 2 × 3. வேறு எந்தப் பகா எண்களைக் கொண்டும் 24-ஐச் செய்ய முடியாது. சாம்பாருக்கு ஒரு பக்குவம், ரசத்துக்கு ஒரு பக்குவம் என்பதுபோல் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு பக்குவம்தான் உண்டு.

நம் பாட்டிமார்கள் 1957-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது ஏன் முணுமுணுத்தார்கள் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. பழைய ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆகமொத்தம் 192 தம்படி. மூன்று பெண்களுக்கு ஒரு ரூபாயைப் பங்கு போட்டால் ஆளுக்கு 64 தம்படி, அதாவது ஐந்தணா நாலு தம்படி, சுத்தமாக வரும். நூறு பைசாவை மூன்று பேருக்குப் பங்கு போடுங்கள், பார்க்கலாம்! 192 பதினான்கு எண்களால் மீதியில்லாமல் வகுபடும். 100-க்கு ஒன்பதுதான்.

இந்தப் பங்கு சமாசாரத்தை நம் ஊரிலிருந்து போன ஒருவர் பெரிய சாஸ்திரமாகவே ஆக்கிக் காட்டினார். கும்பகோணத்திலும், பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, எப்.ஏ. பரீட்சையில் தேறாமல், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன்தான் அவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியதும், 1914 மார்ச்சில் கப்பல் ஏறியதும் நீங்கள் அறிந்த கதை.

அங்கே போன மறுவருஷம், 1915-ல், ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் விஷயம் நம் லட்டுத் தட்டேதான்! தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும்விட அதிகமான எண்களால் வகுபடும் எண்கள் எவை? 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகிறது. 'மிகு பகு எண்கள்' என்று இவற்றைத் தமிழில் சொல்லலாம். இவற்றின் பக்குவத்தில் ஒரு ஒழுங்கு இருப்பதை ராமானுஜன் காட்டினார். இரண்டு எத்தனை முறை வருகிறதோ, அதைவிட அதிகமாக மூன்று வராது. மூன்றைவிட அதிகமாக ஐந்து வராது. இப்படியே படிப்படியாக இறங்கும். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும்.

கையால் கணக்கிட்டு ஓர் அட்டவணையும் போட்டார். அது எங்கே முடிகிறது தெரியுமா? 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800-ல்! அந்த எண் 10,080 எண்களால் வகுபடும். யந்திரம் கிடையாது, காகிதமும் பேனாவும்தான். அவ்வளவு பெரிய அட்டவணையில் ஒரே ஓர் எண்ணை அவர் விட்டுவிட்டார் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்பது அது. ராமானுஜனுக்கே விட்டுப்போகும் என்றால், நம் வீட்டுக் குழந்தை வீட்டுக் கணக்கில் ஒன்றை விட்டதற்காகத் தலையில் குட்டுவது நியாயமா, சொல்லுங்கள்!

எப்.ஏ. தேறாதவருக்கு இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. ஆனால், எழுதியது முழுவதும் அச்சாகவில்லை. யுத்த காலம், லண்டன் கணித சங்கத்துக்குப் பணமுடை. அறுபது பக்கங்களுக்கு மேல் அச்சிட்டவர்கள் மீதியை நிறுத்திவிட்டார்கள். அந்த மீதி என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இப்போது நம் குழந்தையின் ஜோடிகளுக்கு வருவோம். அவள் செய்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் எண்களைப் பகா எண்களாகப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரித்ததோடு நிற்காமல் இவள் அவற்றைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். 8 என்பது 2 × 2 × 2, கூட்டினால் 6. 9 என்பது 3 × 3. கூட்டினால் அதுவும் 6! அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், கூட்டுத்தொகை ஒன்றே. 5 பகா எண், ஆகையால் 5-தான். 6 என்பது 2 × 3, கூட்டினால் 5. பதினைந்து 3 × 5, கூட்டினால் 8; பதினாறு நான்கு இரண்டுகள், அதுவும் 8. அதற்கு அப்புறம் 40 வரை தேடியும் ஜோடி கிடைக்கவில்லை. தான்தான் எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று குழந்தை நினைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் "போய்ப் படி" என்று விரட்டிய அதே விளையாட்டை, அதே மயிலாப்பூரில், ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் ஆடியிருக்கிறார். அதைக் கேட்பதற்காக உலகத்தின் மகா பெரிய கணித மேதைகளில் ஒருவர் விமானப் பிரயாணத்தையே மாற்றிக்கொண்டு சென்னைக்கு வந்திருக்கிறார்!

அந்த மாணவர் கிருஷ்ணசுவாமி அல்லாடி. அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் பேரன். தந்தை பௌதிக மேதை அல்லாடி ராமகிருஷ்ணன். மயிலாப்பூரில் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தம் வீட்டில் மாணவர்களைக் கூட்டிவைத்து வகுப்பு நடத்தியவர்; அதன் பலனாக 1962 ஜனவரியில் சென்னையில் கணித விஞ்ஞானக் கழகம் பிறந்தது. மகனோ மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தார். எண்களைப் பகா எண்களாகப் பிரித்துக் கூட்டினால் வரும் தொகை எப்படி எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்தார். சில கேள்விகளுக்கு விடை தெரியவில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த பால் எர்டோஷுக்கு 1974-ல் கடிதம் எழுதினார்.

எர்டோஷ் என்ற மனிதருக்கு வீடு கிடையாது, குடும்பம் கிடையாது. ஒரு பெட்டியோடு ஊர் ஊராகப் போய், கணித நண்பர்களின் வீடுகளில் தங்கி, கணக்குப் போட்டே காலம் கழித்தவர். வாழ்நாளில் ஆயிரத்து ஐந்நூறு கட்டுரைகள் எழுதினார். அப்படிப்பட்டவர் முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பையனுக்குப் பதில் எழுதினார். கல்கத்தாவுக்கு வந்திருந்தவர், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டு, 1975 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். பத்தொன்பது வயதுப் பையனோடு உட்கார்ந்து பேசினார். "பரீட்சைக்குப் படித்தாயா?" என்பதல்ல பேச்சு, "நீ என்ன கண்டாய்?" என்பதுதான்.

அந்தப் பேச்சு 1977-ல் இருவர் பெயரிலும் ஒரு கட்டுரையாக வெளிவந்தது. அதில் உள்ள ஒரு விஷயத்தை நம் பாஷையில் சொல்கிறேன். 948-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 × 2 × 3 × 79. கூட்டினால் 86. அதில் 79 ஒருவரே கொண்டுவந்தது. மற்ற மூவருமாகச் சேர்ந்து 7-தான். சராசரியாகப் பார்த்தால் எண்களின் குடும்பங்களில் எல்லாம் இப்படித்தான்: மூத்தவர் தலையில்தான் முக்கால்வாசிப் பாரமும். அவரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலோ, அடுத்தவர் தலையில் பாரம் விழுகிறது. அவரையும் ஒதுக்கினால் அதற்கடுத்தவர் தாங்குகிறார். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு நிரூபணம் வேண்டாம். கணிதத்தில் வேண்டும், அதைத்தான் அவர்கள் இருவரும் கொடுத்தார்கள்.

அந்த மாணவர் 1975-லேயே மேல்படிப்புக்குக் கலிபோர்னியா சென்றார். பின்னாளில் புளோரிடாவில் பேராசிரியர் ஆனார். 1997-ல் ராமானுஜன் பெயரில் ஒரு கணிதப் பத்திரிகை தொடங்கினார். அதன் முதல் தொகுதியில் வந்தது என்ன தெரியுமா? 1915-ல் பணமுடையால் நின்றுபோன ராமானுஜன் கட்டுரையின் மீதிதான்! இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு, எண்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு அது அச்சேறியது.

இது இப்படி இருக்க, அமெரிக்காவிலும் அதே 1974-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் பேப் ரூத் என்பவரின் 714 என்ற சாதனையை ஹாங்க் ஆரன் அந்த ஏப்ரலில் 715 அடித்து முறியடித்தார். ஊரே கொண்டாடியது. ஜார்ஜியாவில் இருந்த கார்ல் பாமரன்ஸ் என்ற இளம் கணித ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் அந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்த்தார்கள். 714 என்பது 2 × 3 × 7 × 17. 715 என்பது 5 × 11 × 13. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். இரண்டும் 29! அதுமட்டுமா? இரண்டிலும் சேர்ந்து முதல் ஏழு பகா எண்களும் ஆளுக்கு ஒரு முறை வந்துவிட்டன.

ஆம், நம் குழந்தையின் ஜோடிகளேதான் இவை. 'ரூத்-ஆரன் எண்கள்' என்று அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டுப் பாமரன்ஸையும் தேடிப் பிடித்தவர் யார் என்கிறீர்கள்? சாக்ஷாத் அதே எர்டோஷ்! இந்த ஜோடிகள் போகப் போக அரிதாகிவிடும் என்று இருவரும் சேர்ந்து நிரூபித்தார்கள். ஆனால், இவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா, எங்காவது நின்றுவிடுமா என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. 1995-ல் எர்டோஷுக்கும் ஹாங்க் ஆரனுக்கும் ஒரே மேடையில் கௌரவப் பட்டம் கிடைத்தபோது, பாமரன்ஸ் ஒரு பந்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டாராம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு பெண்மணியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்கு அடுக்காது. ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள். 1909-ல் கல்யாணம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. கணவர் சீமையிலிருந்து நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டில் அவர் கண்ணை மூடியபோது ஜானகி அம்மாளுக்கு இருபத்தொரு வயது. சர்வகலாசாலை கொடுத்த உதவித்தொகை மாதம் 20 ரூபாய். பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்தபோது தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியே குடியிருந்து, துணி தைத்து ஜீவித்தார். சிநேகிதி ஒருத்தி இறந்தபோது அவளுடைய பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். "சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அந்தச் சிலை எங்கே?" என்று வயதான காலத்தில் அவர் கேட்டது பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் ஆஸ்கி, பல நாட்டுக் கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி, வெண்கலச் சிலை வார்க்க ஏற்பாடு செய்தார். ஒரு சிலை ஜானகி அம்மாளின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1994-ல் அவர் காலமானார்.

எர்டோஷ் ராமானுஜனைப் பார்த்ததில்லை. ஜானகி அம்மாளையும் சந்தித்ததில்லை. ஆனால், இளமையில் தாம் எழுதிய முதல் கட்டுரையை முன்பே ராமானுஜன் ஏறக்குறைய அதே வழியில் நிரூபித்திருக்கிறார் என்று அறிந்த நாளிலிருந்து, அந்தப் பெயரிடம் அவருக்குத் தீராத பக்தி. இந்தியாவில் பிரசங்கம் செய்ததற்குக் கிடைத்த சன்மானத்தை ராமானுஜனின் மனைவிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். பெட்டி ஒன்றைத் தவிர உடைமை இல்லாத மனிதர் அவர்! கேள்வி கேட்ட பையனையும் மதிக்கத் தெரிந்தது. கணக்குப் போட்டவருக்குச் சோறு போட்டவளையும் மறக்காமல் இருக்கத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கையில் வேலை இல்லை. "எங்கே, அந்த நோட்டைக் கொண்டா" என்றேன். கொண்டுவந்தாள். கடைசிப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

"ஏண்டி கிழித்தாய்?"

"சும்மா விளையாட்டு சித்தி. பரீட்சைக்கு வராது. தப்பும்கூட" என்றாள்.

நேயர்களே, ஒரு குழந்தையை அடிக்காமலே அடித்துவிட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தப்பு என் பேரில்தான். உன் கணக்கில் தப்பே இல்லை. 40-க்குள் வேறே ஜோடி கிடையாது. ஆனால், நூறுக்குள் இன்னும் ஒன்று இருக்கிறது; தேடலாம், வா" என்றேன். நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினோம். அறுபதைத் தாண்டும்போது எனக்குக் கை வலித்தது, அவளுக்கு வலிக்கவில்லை. அக்கா கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போயிற்று.

"எழுபத்தேழு... ஏழும் பதினொன்றும் பதினெட்டு. எழுபத்தெட்டு... இரண்டு, மூன்று, பதின்மூன்று... சித்தி! பதினெட்டு!"

கூடமே அதிரும்படி கத்தினாள். அக்கா கரண்டியோடு ஓடிவந்து, "என்னடி ஆச்சு?" என்றாள். "உன் பெண் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தாள்" என்றேன். எட்டு மணி பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது, "சித்தி, இது முடியவே முடியாதா?" என்று கேட்டாள். "யாருக்கும் தெரியாதாம். உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் நோட்டுப் புத்தகத்தோடு ஒருத்தி வந்து நின்றால், அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு, என்ன என்று கேளுங்கள். அதற்கு ஒத்திகையாக ஒரு சின்னக் கணக்கு: பகா எண்களாகப் பிரித்துக் கூட்டினால் 7 வரும் எண்கள் மூன்றுதான் உண்டு; அவை 7, 10, 12. அப்படியானால் 10 வரும் எண்கள் எவை? மொத்தம் ஐந்து இருக்கின்றன. குழந்தைகளோடு சேர்ந்து தேடுங்கள். முதலில் யார் ஐந்தையும் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். நிச்சயம் நீங்களாக இருக்கமாட்டீர்கள்!